கைப்பிடியால் நகரும் அறை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

‘கேரவன்’ என்றவுடன் உங்களுக்கு யார் நினைவுக்கு வருவார்? ஏதேனும் ஒரு திரைப்பட நடிகர்தான்! எனக்கோ, அந்த வண்டியின் அடியில் கோணிப்பையை விரித்துப் படுத்திருக்கும் என் அப்பாதான் நினைவுக்கு வருவார். ஆம், தோழியரே! என் அப்பா பூந்தமல்லிப் பக்கம் நடக்கும் படப்பிடிப்புகளுக்குக் கேரவன் ஓட்டுகிறார். ஓட்டுவது பாதி வேலைதான். நிறுத்திய இடத்தில் அதை வீடாக்குவதும், புறப்படும்போது மீண்டும் வண்டியாக்குவதும் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றியே இக்கட்டுரை.

ஒரு தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிக்கூட்டிற்குள் ஒரு சிறு தட்டு இருக்கிறது. விரலால் தள்ளினால் வெளியே வருகிறது. மறுபுறம் தள்ளினால் உள்ளே போகிறது. எல்லாக் கேரவன்களிலும் இல்லாவிட்டாலும் சிலவற்றில் இப்படி ஒரு தட்டு உண்டு. அந்தத் தட்டுதான் சோபா, சன்னல், கூரை எல்லாம் கொண்ட ஒரு சிறு அறை. வண்டி நின்றதும் பொத்தானை அழுத்தினால் சுவரோடு சேர்ந்து இரண்டடி வெளியே நகரும். இதற்கு ‘ஸ்லைடு-அவுட்’ என்று பெயர். எங்கள் வீட்டில் வெறும் ‘ஸ்லைடு’தான்.

எதற்காக இந்தத் தொல்லை, அறையை முதலிலேயே அகலமாகக் கட்டிவிடலாமே என்று நானும் அப்பாவிடம் கேட்டேன். சட்டம் விடாது என்றார். நம் நாட்டு மோட்டார் வாகன விதிகளின்படி சாலையில் ஓடும் வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதில் இரண்டு சுவர்களின் கனத்தையும் கழித்துவிட்டால், ஒரு சோபாவைப் போட்டதும் நடக்க இடமிராது. ஆகவே ஓடும்போது சட்டத்திற்கு அடங்கிய வண்டி, நிற்கும்போது சற்றே விரிந்த வீடு! அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்திலுள்ள நியூமார் என்னும் நிறுவனம் 1990-இல் தன் மோட்டார் வீடுகளில் இதைப் பொருத்தத் தொடங்கியது. அதன்பின் மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. இன்று அந்நாட்டில் இழுத்துச் செல்லும் வண்டிகளிலும் இது சாதாரணம்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அறையின் தரைக்கு அடியில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் அரிவாள்மனைத் தேங்காய்த் துருவியின் பற்களைப் போல (அத்தனை கூர்மை இல்லை) வரிசையாகப் பற்கள் வெட்டியிருக்கும். மெக்கானிக்குகள் இதை ‘ரேக்’ என்பார்கள். ஒவ்வொரு ரேக்கோடும் ஒரு சிறு பற்சக்கரம் கடித்துக்கொண்டு நிற்கும்; அது ‘பினியன்’. பினியன் சுழன்றால் ரேக் நேர்கோட்டில் நகரும், அதனோடு அறையும் நகரும். இரண்டு பினியன்களையும் ஒரு குறுக்குத் தண்டு இணைக்கிறது. இந்தத் தண்டு இல்லாவிட்டால் அறையின் ஒரு முனை முந்தும், மறு முனை பிந்தும். பழைய மர மேசையின் இழுப்பறையை ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு சிக்குமே, அதே கதைதான். தண்டைச் சுழற்றுவது ஒரு 12 வோல்ட் மோட்டார். மோட்டாருக்கும் தண்டுக்கும் இடையே ஒரு கியர் பெட்டி.

இவ்வளவையும்விட முக்கியமான ஓர் உறுப்பு உண்டு. பார்ப்பதற்கு ஒரு சிறு நெம்புகோல், விரல் நீளந்தான் இருக்கும். மோட்டாரின் பின்புறத்திலுள்ள பிரேக்கை அது இயக்குகிறது. மோட்டார் ஓடாதபோது அறையைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பிரேக்தான். அறை உள்ளே போய்விட்டால் தானாக நிற்கும் என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அது தவறு.

மின்சாரம் இல்லாதபோது என்ன செய்வது? குறுக்குத் தண்டின் முனையிலோ மோட்டாரின் முனையிலோ ஓர் அறுகோண நட்டு விட்டிருப்பார்கள். அதில் கைப்பிடியை மாட்டிச் சுழற்ற வேண்டும். “நானூறு, ஐந்நூறு கிலோ அறையை ஓர் ஆள் சுழற்றி நகர்த்த முடியுமா?” என்று நீங்கள் கேட்கலாம். நம் இயற்பியல் பாடத்தில் விசையின் திருப்புத்திறன் படித்தோமே, அங்கே விடை இருக்கிறது. கணக்குக்காகச் சில எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். பினியனின் ஆரம் 3 செ.மீ., கைப்பிடியின் நீளம் 30 செ.மீ. இங்கேயே நமக்குப் பத்து மடங்கு இலாபம். கியர் பெட்டி இன்னொரு பத்து மடங்கு தருகிறது என்றால் மொத்தம் நூறு மடங்கு. உருளைகளின் மேல் இருக்கும் அறையைத் தள்ள 1500 நியூட்டன் வேண்டுமென்றால், கைக்கு 15 நியூட்டன் போதும். ஒன்றரைக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை! உராய்வினால் இது இரண்டு, மூன்று மடங்கு ஆனாலும் ஆகட்டும், பள்ளிக்கூடப் பையின் கனத்தைத் தாண்டாது.

ஆனால் இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசையில் மிச்சம் பிடித்ததைத் தூரத்தில் செலுத்த வேண்டும். பினியனின் சுற்றளவு ஏறக்குறைய 18.84 செ.மீ. கைப்பிடியைப் பத்து முறை சுற்றினால்தான் பினியன் ஒரு முறை சுற்றும். அதாவது ஒரு சுற்றுக்கு அறை நகர்வது 1.884 செ.மீ.தான். இரண்டடி, அதாவது 60 செ.மீ. உள்ளே போக 32 சுற்றுகள். வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, மழையில், ஒரு கையால் 32 சுற்றுகள் என்பது கணக்கில் எழுதும்போது இருப்பதைவிட அதிகம் என்று அப்பா சொல்கிறார்.

பெரிய இயந்திரங்களுக்கும் கைவழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. என் தாத்தா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1961-இல் தொடங்கப்பட்ட அந்தக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. (2021 அக்டோபர் முதல் அது கவச வாகன நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.) டாங்கியின் மேற்கூட்டை மின்விசையால் சுழற்றுவார்கள், மின்விசை போய்விட்டால் உள்ளே இருக்கும் கைச்சக்கரத்தால் சுழற்றலாம். “சண்டையில கரண்ட் போச்சுன்னு எதிரிகிட்ட லீவு கேக்க முடியுமா?” என்பார் தாத்தா.

நம் மாநிலத்தில் இதற்கு எல்லாவற்றிலும் பெரிய எடுத்துக்காட்டு பழைய பாம்பன் ரயில் பாலம். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட அப்பாலத்தின் நடுவில், கப்பல்களுக்கு வழிவிட இரண்டாகப் பிரிந்து மேலெழும் பகுதி ஒன்று இருந்தது. ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் முறையில் அமைந்தது. ஒவ்வொரு பாதியும் 400 டன்னுக்கு மேல் எடையுள்ளதாக இருந்தது. அதைத் திறந்தது மோட்டார் அன்று! இருபுறமும் தொழிலாளர்கள் நின்று இரும்புத் தடிகளைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். பற்சக்கரங்கள் அந்த நடையைப் பாலத்தின் அசைவாக மாற்றின. எதிர் எடை வைத்துச் சமன் செய்திருந்ததால் மனிதக் கைகளுக்கே அது அடங்கியது. 1964 டிசம்பர்ப் புயலில் பாலத்தின் பல பகுதிகளைக் கடல் கொண்டுபோனபோதும் இந்தத் தூக்குப் பகுதி நின்றது. 2022 டிசம்பரில் அப்பாலத்தில் ரயில்கள் நின்றன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி மோட்டாரின் உதவியால் நேராக மேலே உயர்கிறது. சுற்றுலாவில் நாங்கள் அதைப் பார்த்தபோது மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். நான் பற்சக்கரம் எங்கே என்று தேடினேன். தோழிகள் சிரித்தார்கள். போகட்டும்.

இப்போது சென்ற ஐப்பசி மாதத்து இரவு ஒன்றைச் சொல்ல வேண்டும். படப்பிடிப்பு முடிய இரவு பத்தரை மணி. அன்று பகல் முழுவதும் மழை. அப்பா பொத்தானை அழுத்த, அறை பாதி தூரம் வந்து முனகலோடு நின்றுவிட்டது. அவரும் உதவியாளரும் மாறி மாறி இருபது முறை அழுத்தியிருக்கிறார்கள். அது பிழை என்று அப்பாவே இப்போது ஒப்புக்கொள்கிறார். ஓடாத மோட்டாரில் மின்னோட்டம் மிகுதியாகப் பாயும், சுருள் சூடேறும். கடைசியில் மோட்டாரிலிருந்து கருகல் வாடை வந்துவிட்டது.

உண்மையான கோளாறு மோட்டாரிலேயே இல்லை. பேட்டரியின் முனையில் வெளிர்நீலப் பொடி பூத்திருந்தது. நன்கு மின்னேற்றிய பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். மோட்டார் 30 ஆம்பியர் எடுக்கிறது என்றும், அந்தப் பொடியினால் 0.1 ஓம் தடை ஏற்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஓம் விதிப்படி மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் 3 வோல்ட். அது பொடியிலேயே போய்விட, மோட்டாருக்கு எட்டுவது 9.6 வோல்ட்தான். விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும், அறை மட்டும் நகராது. விளக்கு எரிகிறதே, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் ஏமாறுவது இதனால்தான்.

மெக்கானிக்கை அழைத்தால் அந்தச் செலவு பேட்டாவில் கழியும் என்று வண்டிக்காரர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பேட்டாவில்தான் எங்கள் வீட்டில் பால் வாங்குகிறோம். வண்டியில் கைப்பிடி இருந்தது. விளக்கப் புத்தகமும் இருந்தது, ஆனால் ஆங்கிலத்தில். பதினொரு மணிக்கு அப்பாவிடமிருந்து தொலைபேசி.

“பாப்பா, தூங்கிட்டியா? ரெண்டு பக்கம் போட்டோ அனுப்பியிருக்கேன். படிச்சுச் சொல்லுமா.”

நான் எழுந்து உட்கார்ந்து படித்தேன். முதலில் மின் இணைப்பை நீக்க வேண்டும் என்றிருந்தது. அதை அப்பா கேட்பதற்கு முன்பே செய்திருந்தார், பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஓரமாகக் கட்டியிருந்தார். காரணம் தாத்தா சொல்லிக் கொடுத்தது. அந்தக் காலத்து லாரிகளை முன்புறம் கைப்பிடி போட்டுச் சுழற்றித்தான் கிளப்புவார்களாம். இயந்திரம் எதிர்பாராமல் பின்னுக்கு உதைத்தால் கைப்பிடி மணிக்கட்டை ஒடித்துவிடும். அதனால் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காமல், மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்கச் சொல்வார்களாம். கேரவனிலும் அப்படியே. கைப்பிடி மாட்டியிருக்கும்போது உள்ளே யாராவது பொத்தானைத் தொட்டு, மோட்டாரும் உயிர் பெற்றுவிட்டால், கையின் கதி என்னவாகும்!

அடுத்த வரி: பிரேக் நெம்புகோலைக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருப்புக. அப்படியே சொன்னேன். அப்பா திருப்பினார். கைப்பிடியைச் சுழற்றினார். அசையவில்லை. இன்னும் பலமாகச் சுழற்றினார். தொலைபேசியில் உலோகம் வழுக்கும் ஓசை கேட்டது, பிறகு “ஸ்ஸ்” என்று அப்பாவின் குரல். விரல் முட்டி சட்டத்தில் இடித்துத் தோல் உரிந்துவிட்டது. நட்டின் ஒரு முனையும் மழுங்கிவிட்டது.

நான் மறுபடியும் வரியைப் படித்தேன். ‘மோட்டாரின் பின்புறத்திலிருந்து பார்க்கையில்’ என்று நான்கு சொற்கள் இருந்தன. அவற்றை நான் முக்கியமில்லை என்று விட்டுவிட்டேன்!

“அப்பா, நீங்க எந்தப் பக்கம் இருந்து பாக்குறீங்க?”

“முன்னாடி பக்கம் படுத்திருக்கேன்மா. ஏன்?”

சுவர்க்கடிகாரத்தைக் கண்ணாடியால் செய்து, பின்னாலிருந்து பார்ப்பதாக எண்ணிப் பாருங்கள். முள் இடப்பக்கமாகச் சுற்றும். முள் ஒன்றுதான், பார்க்கும் இடம் வேறு. திருப்புத்திறன் கணக்கில் வலஞ்சுழி, இடஞ்சுழி என்று குறி போட்டு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பார்க்கும் இடம் எது என்று புத்தகம் படம் போட்டே காட்டிவிடுவதால் நான் அதைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தப் பிழைக்கு விலையாக அப்பாவின் விரலில் தோல் போயிற்று.

நெம்புகோலை மறுபுறம் திருப்பியதும் கைப்பிடி இலகுவாகச் சுழன்றது. அதற்குமுன் உதவியாளர் ஏணி வைத்து ஏறி, வெளியே நீட்டியிருந்த கூரையில் தேங்கிய நீரையும் வேப்பிலைச் சருகையும் துடைப்பத்தால் தள்ளிவிட்டார். அப்படியே இழுத்தால் அத்தனை நீரும் சோபாவின் மேல்தான் வடியும். அப்பா சுற்றுகளை வாய்விட்டு எண்ணினார். நான்கு விரல் அகலம் மீதி இருக்கும்போது மறுபடியும் இறுகியது. இம்முறை அவர் பலம் காட்டவில்லை. அரைச் சுற்று பின்னுக்குத் திருப்பிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தார். சோபாவின் பின்னால் ஓர் உடுப்பு மாட்டும் ஹேங்கர் விழுந்து குறுக்கே நின்றது. அதை எடுத்ததும் அறை போய்ப் பொருந்திக்கொண்டது. முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் ரப்பர்ப் பட்டை ஒரே அளவு நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இரண்டும் சமம்.

“சரி பாப்பா, நீ தூங்கு. நான் கிளம்புறேன்.” இன்ஜின் ஓசை கேட்டது.

அந்த இரண்டாவது படத்தின் கடைசி வரி பாதியில் முடிந்திருந்தது. எனக்கு அது உறுத்தியது.

“அப்பா, அடுத்த பக்கத்தையும் அனுப்புங்க. அப்புறம் கிளம்புங்க.”

அலுத்துக்கொண்டேதான் அனுப்பினார். மூன்றாவது பக்கத்தின் முதல் வரி, தடித்த எழுத்தில்: பிரேக் நெம்புகோலை மீண்டும் பழைய நிலையில் வைக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. ஏனெனில் நெம்புகோல் விடுபட்டிருக்கும்வரை அறையைப் பிடித்திருப்பது எதுவுமில்லை. அப்பா வரவேண்டிய வழி வெளிவட்டச் சாலை. மீஞ்சூர்ப் பக்கம் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவில்தான் அங்கே மிகுதி. ஒரு வளைவில் வண்டி சாய்ந்தால் அந்த அறை தானாக வெளியே நகரத் தொடங்கும். பக்கத்தில் ஒரு லாரி வந்தால்? நான் அதற்கு மேல் நினைக்கவில்லை. அப்பா இன்ஜினை நிறுத்திவிட்டு மறுபடி கோணியை விரித்தார். நெம்புகோலைத் திருப்பி வைத்தார். வைத்தபின் கைப்பிடியை மாட்டி லேசாக அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. அசையாதிருந்தால்தான் பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். உள்ளே பயணப் பூட்டுக் கம்பிகளையும் போட்டார். வீடு வந்து சேர ஒன்றரை மணி. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினார்.

மறுநாள் நான் ஓர் அட்டையில் எல்லாவற்றையும் தமிழில் எழுதினேன். ‘எதிர்த்திசை’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ‘நெம்புகோலை டயர் பக்கம் தள்ளு, முடிந்ததும் படிக்கட்டுப் பக்கம் இழு’ என்று எழுதினேன். எங்கே படுத்துப் பார்த்தாலும் டயர் டயர்தான் அல்லவா? இயற்பியல் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, கடைசியில் எழுதியிருந்த பிரேக் வரியை முதலிலும் ஒருமுறை எழுதச் சொன்னார். களைத்துப் போனவர்கள் அட்டையைக் கடைசிவரை படிக்க மாட்டார்கள் என்பது சிஸ்டரின் கருத்து. அப்படியே செய்து, அம்பத்தூரில் லேமினேஷன் போட்டு, ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம்.

அதைப் பார்த்து வேறு இரண்டு வண்டிக்காரர்கள் நகல் கேட்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தேன். மற்றவரின் வண்டியைப் போய்ப் பார்த்தேன். அதில் குறுக்குத் தண்டே இல்லை. பக்கச் சுவர்களில் ஆளுக்கொன்றாக இரண்டு சிறு மோட்டார்கள். அவ்வகையில் கைப்பிடி மாட்ட இடமிராது. மோட்டார்கள் இரண்டையும் பற்களிலிருந்து விடுவித்துவிட்டு, இரு ஓரத்திலும் ஆட்கள் நின்று ஒரே சீராகத் தள்ள வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மூன்றாவது வகையும் உண்டு. அதற்கு வால்வு திருப்ப வேண்டும். ஆகவே அவருக்கு என் அட்டையைக் கொடுக்கவில்லை. அவர் வண்டியின் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறேன். நாற்பது பக்கம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.